இரு காவலர்

வீட்டிற்கு ஒரு காவலன் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. படலையடியில் நாயொன்று படுத்திருக்கும். அயலார் கண்ணும் முற்றத்தின்மேல் இருக்கும். இக்காலத்திலோ இரு காவலர் வேண்டியிருக்கின்றனர். ஒருவன் வீட்டைக் காக்கும் கமரா. மற்றவன் கணினியைக் காக்கும் வைரசுத் தடுப்பு மென்பொருள். இவ்விருவரும் தம்முட் பிணங்கினால் வீட்டுக்காரன் படும் பாட்டினை அண்மையில் நாம் அனுபவித்து அறிந்தோம்.

எமது அன்னையார் யாழ்ப்பாணத்திலுள்ள பழைய வீட்டில் தனித்து வாழ்கிறார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. கொழும்புக்கு வந்து எம்முடன் இருக்குமாறு எத்தனை முறை வேண்டினும், "விளக்கு வைக்க ஆளில்லாத வீடாய் இதை விடமாட்டன்" என்பதே மறுமொழி. ஆதலால் விறாந்தையில் ஒரு கமராவைப் பொருத்தினோம். மாலை ஆறு மணிக்குக் கணினியின் முன் அமர்ந்தால், அவர் விளக்கேற்றுவது தெரியும். அதனைக் கண்ட பின்பே எமக்குத் தேநீர் இறங்கும்.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை திரை இருண்டு கிடந்தது. 'இணைப்பு இல்லை' என்ற ஒரு வரி மாத்திரமே தோன்றிற்று. தொலைபேசியில் அழைத்தோம், மணி அடித்ததேயன்றி எடுப்பாரில்லை. மனம் எண்ணத்தகாதனவற்றையெல்லாம் எண்ணிற்று. கிணற்றடியில் வழுக்கி வீழ்ந்தாரோ? கள்வர் எவரேனும் புகுந்து கமராவைப் பிடுங்கினரோ? ஈற்றில் அயல் வீட்டாரை அழைத்து, ஓடிச் சென்று பார்க்குமாறு வேண்டினோம். அன்னையாரோ பிள்ளையார் கோயிலிற் சதுர்த்திப் பூசை கண்டு, பிரசாதத்துடன் ஆறுதலாக வந்துகொண்டிருந்தாராம்!

அன்றிரவே, கணினித் துறையில் வேலை பார்க்கும் பழைய மாணாக்கர் ஒருவரை அழைத்தோம். "சேர், உங்கடை கைத்தொலைபேசியிலை படம் வருகுதோ எண்டு முதலிலை பாருங்கோ" என்றார். பார்த்தோம்; வந்தது. எனவே கமராவிலும் அங்குள்ள இணைய இணைப்பிலும் குற்றமில்லை. அடுத்து, தடுப்பு மென்பொருளைச் சில நிமிடம் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். நிறுத்தியதும் விறாந்தையும் விளக்கும் திரையில் ஒளிர்ந்தன. வழிமறித்தவன் நமது காவலனே!

காரணம் பெரிதன்று. அம்மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது, அதன் தீச்சுவர் முன்னிலும் கடுமையாகிவிட்டது. கமராவின் படங்காட்டும் நிரலோ, வழக்கமான வாயிலை விடுத்து வேறொரு வாயிலால் வெளியிலுள்ள இடத்தோடு ஓயாது தொடர்புகொள்வது. ஒற்றனின் செய்கையும் அதுவேயன்றோ? ஐயுற்ற காவலன் கதவைச் சாத்திவிட்டான்.

தொல்லை தீர்ந்ததென மகிழ்ந்து, காவலனை நிறுத்தியபடியே விட்டுவிட எண்ணினோம். மாணாக்கர் பதறிவிட்டார். 2016ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்றை அவர் எமக்கு நினைவூட்டினார். 'மிராய்' என்னும் தீநிரல், உற்பத்தியாளர் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்ட கமராக்களையும் இணையச் சாதனங்களையும் தேடித் தேடிக் கைப்பற்றிற்று. அறுபதளவான கடவுச்சொற்களே அதன் திறவுகோற் கொத்து. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் தேதி, அச்சாதனங்களின் படையைக்கொண்டு 'டைன்' என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதால், ட்விட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்களைப் பலர் திறக்க இயலாது போயிற்று. காவலுக்கு வைத்த கண்களே கள்வனின் கைகளாயின!

உறவினரைக் கண்டு வீட்டு நாய் குரைத்தால், நாயையா துரத்துகிறோம்? "இவர் நம்மவர்" என்று பழக்கி விடுகிறோம். அதையே இங்கும் செய்தோம். படங்காட்டும் நிரலை நீக்கி, உற்பத்தியாளரின் தளத்திலிருந்தே புதிதாக இறக்கினோம். தீச்சுவரில் அந்த ஒரு நிரலுக்கு மாத்திரம் அனுமதி கொடுத்தோம். ஏனைய கதவுகள் யாவும் சாத்தியபடியே இருந்தன. கமராவின் உள்நிரலைப் புதுப்பித்து, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றினோம். வாங்கிய நாளிலேயே செய்திருக்க வேண்டிய காரியம் அது. மாணாக்கருக்கு ஆயிரம் புத்தி சொல்லும் நாம், இதனை மாணாக்கர் சொல்லக் கேட்டே செய்தோம். பின்னர் தடுப்பு மென்பொருளை மீண்டும் இயக்கினோம். படம் தடையின்றி வந்தது.

மறுநாள் இவ்வரலாற்றையெல்லாம் அன்னையாருக்கு விரிவாக எடுத்துரைத்தோம். பொறுமையுடன் கேட்டிருந்தவர், "எல்லாம் சரி தம்பி, அந்தக் கமரா பூட்டின நாள் துவக்கம் நீ கோல் எடுக்கிறது குறைஞ்சு போச்சு. கோயிலுக்குப் போறன் எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது?" என்றார்.

நாம் வாயடைத்து நின்றோம். முன்பெல்லாம் நாள்தோறும் பேசிய நாம், படம் தெரிகிறதே என்ற துணிவில் பேச்சை விட்டுவிட்டோம். இப்பொழுது மாலை ஐந்தரை மணிக்கே அவரை அழைத்துவிடுகிறோம். கோயிற் செய்தியும் அயலார் செய்தியும் கேட்டு முடிவதற்குள் விளக்கு வைக்கும் நேரமும் வந்துவிடுகிறது.