தேதியைப் பாக்காம அனுப்பின மேற்கோள்

1/ குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமான்னு மச்சானோட வாக்குவாதம். கூடாதுங்கறது என் கட்சி. ஜெயிக்கணுமேன்னு ஒரு மேற்கோளை எடுத்து விட்டேன். பாப்டிஸ்டுகளை 1,200 வருஷமா வெட்டியும் வதைச்சும் வந்திருக்கிறோம்னு கத்தோலிக்க கார்டினல் ஹோசியஸே 1524-ல் ஒத்துக்கிட்டாராம்.

2/ மச்சான் கேட்டது ஒண்ணுதான்: "மாப்ள, 1524-ல அவருக்கு என்ன வயசு?"

3/ தேடினேன். ஹோசியஸ் பிறந்தது 1504. அப்போ வயசு 20. கார்டினல் ஆனது 1561-ல். அவர் தலைமை தாங்கினதாச் சொல்ற டிரெண்ட் திருச்சங்கம் தொடங்கினதே 1545-ல். சூரிச்சில் அனபாப்டிஸ்டுகளின் முதல் மறு ஞானஸ்நானம்கூட 1525 ஜனவரியில்தான்.

4/ பின்னாட்களில் அவர் லத்தீனில் அனபாப்டிஸ்டுகளைப் பற்றி எழுதினது நிஜம். ஆனா அவங்களைக் கண்டிச்சு எழுதினார். அது இங்கிலீஷுக்கு வந்தப்போ 'பாப்டிஸ்டுகள்' ஆயிடுச்சு. 1931-ல் வந்த 'தி டிரெயில் ஆஃப் பிளட்' என்ற சிறுநூல் அதை ஊரெல்லாம் கொண்டுபோனது.

5/ இத்தனைக்கும் நிஜமான சாட்சி இருக்கு. 1527 ஜனவரி 5, சூரிச். மறு ஞானஸ்நானம் கொடுத்ததற்காக பெலிக்ஸ் மான்ஸைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். தண்டித்தது ரோம் இல்லை. சீர்திருத்தத்தை ஏற்ற நகரசபை. என் மேற்கோள் அந்தப் பழியையும் சேர்த்து மறைக்குது.

6/ "தப்பு என்னோடது"ன்னு மச்சானுக்கு அனுப்பிட்டேன். என் கட்சி மாறலை. ஆனா ரிப்போர்ட்டில் பேரும் தேதியும் பாக்காம மருந்து எழுதாதவன், இதை மட்டும் ஏன் பாக்கலை? எனக்குப் பிடிச்ச ரிசல்ட் வந்திருந்தது. அவ்வளவுதான்.