குட்டிகள் பிறக்காத பூனைத் தீவு!

ஜப்பானின் எஹிமே மாகாணத்தில் இருக்கிறது நகஹாமா என்ற சின்னத் துறைமுகம். அங்கிருந்து தினமும் இரண்டே முறை ஒரு படகு கிளம்புகிறது. 34 பேர்தான் ஏற முடியும். கடல் கொஞ்சம் சீறினாலும் அன்றைய பயணம் ரத்து. எல்லாம் சரியாக அமைந்தால், சுமார் 35 நிமிடங்களில் அவோஷிமா தீவு வந்துவிடும்.

இறங்கியதும் வரவேற்பது யார் தெரியுமா? வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பூனைகள்! 'நாம் நண்பர்கள்' என்பதற்கு, பூனைகளின் மொழியில் அதுதான் அடையாளம்.

எலிக்காக வந்தவை

ஒரு காலத்தில் மத்தி மீன்பிடிப்பில் கொடிகட்டிப் பறந்த தீவு இது. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் சுமார் 900 பேர் வாழ்ந்தார்கள். வலைகளை எலிகள் கடித்துக் குதறியதால், பூனைகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு மீன்வளம் குறைந்தது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இன்று தீவில் வசிப்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எல்லோருமே முதியவர்கள்.

மனிதர்கள் குறையக் குறைய, பூனைகள் பெருகின. பெண் பூனை ஆறு மாத வயதிலேயே கருத்தரித்துவிடும். இரண்டே மாதத்தில் பிரசவம். கேட்கவா வேண்டும்? இணையத்தில் புகைப்படங்கள் பரவி, சுற்றுலாப் பயணிகள் குவிந்தபோது, இத்தனை வயிறுகளுக்கும் சாப்பாடு போடுவது தீவின் முதியவர்களால் தாங்க முடியாத சுமையாகிவிட்டது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால், நோய்களும் சேர்ந்துகொண்டன.

2018 அக்டோபரில் கால்நடை மருத்துவர்கள் தீவுக்கு வந்து இறங்கினார்கள். சுமார் 200 பூனைகள். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை முடிந்ததற்கு அடையாளமாக, காது நுனியில் சின்னதாக ஒரு 'வி' வெட்டு. பார்க்கச் செர்ரிப் பூவின் இதழ்போல இருப்பதால், இப்படிப்பட்ட பூனைகளை ஜப்பானில் 'சகுரா பூனை' என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

சண்டை ஓய்ந்தது... சொந்தம் தொடர்ந்தது!

தெருப்பூனைக் கூட்டம் என்பது உண்மையில் ஒரு கூட்டுக் குடும்பம். அம்மா, மகள், அக்கா, தங்கை என்று பெண் பூனைகள்தான் அதன் ஆணிவேர். ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுக்கும். கடுவன்கள்தான் ஊர் சுற்றும், துணைக்காகச் சண்டை போடும், சுவரெல்லாம் சிறுநீரைப் பீய்ச்சி எல்லை வகுக்கும். அந்தச் சண்டையில் படும் கடிகள் வழியாகத்தான் பல தொற்றுநோய்கள் பரவுகின்றன.

கருத்தடைக்குப் பிறகு சில வாரங்களில் ஹார்மோன் அளவு இறங்கிவிடும். ராத்திரிக் கூச்சல், நாற்றம், ரத்தக் காயம் எல்லாம் பெருமளவு குறையும். ஆனால், உறவு அறுந்துபோவதில்லை. ஒன்றையொன்று நக்கிவிடுவது, உடலோடு உடல் உரசுவது, குளிருக்குக் குவியலாகப் படுப்பது எல்லாம் அப்படியே தொடரும்.

கடலே வேலி

நகரங்களில் இந்த அமைதி நிலைப்பது கஷ்டம். கருத்தடை செய்யப்பட்ட பூனைகள் எல்லையைக் காக்க அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை என்பதால், வெளியிலிருந்து புதுப் பூனைகள் எளிதாக உள்ளே நுழைந்துவிடும். எனவே, அங்கே கருத்தடை வேலைக்கு முற்றுப்புள்ளியே கிடையாது. அவோஷிமாவிலோ சுற்றிலும் கடல். யாரும் புதிதாக வரப் போவதில்லை.

அதனால்தான் இங்கே குட்டிகளைப் பார்க்க முடிவதில்லை. இப்போது இருக்கும் பூனைகள் 100-க்கும் குறைவு. எல்லாமே நடுத்தர வயதைத் தாண்டியவை. சிலவற்றுக்குப் பார்வை மங்கிவிட்டது. வெயில் காய்ந்தபடி, தீவின் முதியவர்களோடு சேர்ந்து அவையும் மூப்படைகின்றன.

பூனைத் தீவு, பூனையே இல்லாத தீவாகிவிடுமா? ஆமாம், ஒருநாள் ஆகிவிடும். கேட்கச் சோகமாகத்தான் இருக்கிறது. ஆனால், கருத்தடை நடக்காமல் போயிருந்தால்? கடைசி மனிதரும் தீவை விட்டுப் போகும் நாளில், நூற்றுக்கணக்கான பூனைகள் பட்டினியில் தவித்திருக்கும். சோறு போட ஆளில்லாத மண்ணில் இனி ஒரு குட்டியும் பிறக்க வேண்டாம் என்பதே அந்த அறுவை சிகிச்சையின் அர்த்தம்.

போக நினைப்பவர்கள் கவனத்துக்கு: தீவில் கடையும் இல்லை, தங்கும் விடுதியும் இல்லை. சாப்பாடு, தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பூனைகளுக்கு ஒதுக்கிய இடத்தில் மட்டுமே உணவு வைக்க வேண்டும். குப்பையைத் திருப்பி எடுத்து வந்துவிட வேண்டும். அதைக் கூட்டிப் பெருக்க அங்கே இருப்பது வயதான சில கைகள் மட்டுமே!