வாசிக்கப்படாத வசனங்கள்

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் 33-ஆம் ஞாயிறன்று, நம் ஆலயங்களில் நீதிமொழிகள் நூலின் 31-ஆம் அதிகாரம் முதல் வாசகமாக வாசிக்கப்படுகின்றது. நற்பண்புள்ள மனையாளைப் புகழ்ந்துரைக்கும் பகுதி அது. வாசகம் முடிந்ததும் ஆண்கள் பக்கம் ஒரு புன்னகையும் பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சும் எழுவதைக் கண்டதுண்டு. வீடு திரும்பித் திருவிவிலியத்தை எடுத்து அதிகாரம் முழுவதையும் படித்தால் ஓர் உண்மை விளங்கும். ஆலயத்தில் 10 முதல் 13 வரை, பின்பு 19, 20, இறுதியில் 30, 31 ஆகிய வசனங்களே வாசிக்கப்படுகின்றன. அப்பெண் விடியுமுன் எழுவதும், நிலத்தைப் பார்த்து வாங்குவதும், தன் வருவாயில் திராட்சைத் தோட்டம் அமைப்பதும், தான் நெய்ததை வணிகரிடம் விற்பதும் விடுபட்ட வசனங்களில் இருக்கின்றன. ஆக, அவளும் வேலை செய்து பொருளீட்டிய தாய்தான். அவளுடைய கணவர் ஊர் வாயிலில் பெரியோர்களோடு அமர்ந்து நற்பெயர் பெற்றார் என்பதும் விடுபட்ட வசனமே. அதை விட்டது ஒருவகையில் நன்று. வாசித்திருந்தால் சிலர் அதை மட்டும் கைக்கொண்டிருப்பர்.

நான் ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். ஒரு வாரம் காலைப் பணி, ஒரு வாரம் மாலைப் பணி, ஒரு வாரம் இரவுப் பணி என்று முறை மாறும். மற்ற வீடுகளில் ஒரு கடிகாரம் ஓடுமென்றால் எங்கள் வீட்டில் வாரத்திற்கு ஒரு கடிகாரம். காலைப் பணி வாரத்தில் மகளுக்குப் பின்னல் போடுவதற்கும் பேருந்து வருவதற்கும் இடையே நான்கு நிமிடம் இருக்கும். மாலைப் பணி வாரத்தில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருமுன் நான் புறப்பட்டுவிடுவேன். திரும்பும்போது அவர்கள் உறங்கியிருப்பர். திறந்து கிடக்கும் கணக்குப் புத்தகமும் தட்டில் ஒதுக்கிவைத்த கறிவேப்பிலையுமே அன்று அவர்கள் என்னிடம் சொன்ன செய்தி. இரவுப் பணி வாரத்தில் பகலில் உறங்க வேண்டும். மீன்காரரின் ஆரன் ஒலிக்கும் தெருவில் பகலுறக்கம் என்பது பெயரளவுக்குத்தான்.

கடந்த ஐப்பசி மழையில் ஓர் இரவு. பிரிவில் 22 குழந்தைகள்; செவிலி நான் ஒருத்தி. பாதிப் பேருக்குக் காய்ச்சல். இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு வயது மகனுக்கு உடல் அனலாகக் கொதிக்கிறது. வெப்பமானி 103 காட்டுகிறது. மருந்தை எடைக்கேற்ற அளவில் கொடுக்கவும், கனத்த உடையைக் கழற்றவும், சிறிது சிறிதாக நீர் பருகச் செய்யவும் கணவரிடம் சொன்னேன். பிறர் பிள்ளையின் நெற்றியில் ஒரு கையும் தொலைபேசியில் மறு கையுமாக நின்ற அந்த நேரத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. மாற்றுச் செவிலி வரும்வரை பிரிவை விட்டு நகர இயலாது. தாய்மை விடுப்பு 2017-இல் 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. ஆனால் மகனுக்கு ஆறு வயதில், இரவு இரண்டு மணிக்கு வரும் காய்ச்சலுக்கென்று என் பணியிடத்தில் விடுப்பு ஏதும் இல்லை.

காலை எட்டு மணிக்கு வீடு சேர்ந்தபோது மகன் வியர்த்து உறங்கிக்கொண்டிருந்தான். மாமியார் கஞ்சி வைத்திருந்தார்கள். கோபம் சிறிதுமின்றி, "மக்ளே, இந்த வேலை போதும், விட்டுரு" என்றார்கள். நானும் அதையே எண்ணிக்கொண்டுதான் படியேறியிருந்தேன்.

கணவர்தான் குறுக்கிட்டார். "அம்மா, நீங்க ரேந்தை பின்னாம இருந்திருந்தா நான் படிச்சிருப்பேனா?"

அது உண்மை. என் மாமியார் இளமையில் கூலிக்கு ரேந்தை பின்னியவர்கள். குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் அந்தக் காசுதான் பள்ளிக் கட்டணமாயிற்று. ஆனால் அவர்கள் சொன்ன மறுமொழி எங்கள் இருவரையும் வாயடைக்கச் செய்தது. "நான் திண்ணையில இருந்துல்லா பின்னுனேன். நீ அழுதா எனக்குக் கேக்கும்."

அந்தச் சொல்லைப் பல நாள் மனத்தில் சுமந்தேன். அது வாதம் அன்று, அனுபவம். வேலைக்குச் செல்லலாமா கூடாதா என்று நாம் கூட்டங்களில் பேசுகிறோம். வீட்டில் எழும் கேள்வி வேறு: குழந்தை அழுதால் யாருக்குக் கேட்கும்?

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் அன்னை செலி மார்ட்டினும் ரேந்தைத் தொழில் நடத்தியவர்தான். பிரான்சு நாட்டு அலான்சோன் நகரில், வீடுகளில் பின்னும் பெண்களுக்கு வேலையைப் பகிர்ந்தளித்து, அவர்கள் கொணரும் துண்டுகளைத் தம் கையால் இணைத்தார். அத்தொழிலின் பாரத்தைக் குறித்துத் தம் கடிதங்களில் வருந்தி எழுதியுமிருக்கிறார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். 1873-இல் பிறந்த தெரேசாவுக்குப் பாலூட்ட இயலாமற்போகவே, ஓராண்டுக்கு மேல் சிற்றூரில் ஒரு செவிலித்தாயின் வீட்டில் விட்டு வளர்த்தார். அப்புனிதையின் அழுகையும் சிலகாலம் தாயின் செவிக்கு எட்டவில்லை. இதை அறிந்தபோது எனக்கு ஓர் ஆறுதல். அவருடைய கணவர் லூயியைப் பற்றி நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. அவர் 1870-இல் தம் கடிகாரக் கடையை உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் துணைநின்றார். 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் ஒருசேரப் புனிதர்களாக அறிவித்தார்.

என் கணவர் தம் வேலையை விடவில்லை. வீட்டுக் கடன் அதற்கு இடம்தராது. நானும் விடவில்லை. ஆனால் அந்த வாரமே அவர் தம் கட்டிலைப் பிள்ளைகளின் அறைக்கு மாற்றிக்கொண்டார். காய்ச்சல் மருந்தின் அளவை எழுதிச் சுவரில் ஒட்டினார். சமையலும் கற்கத் தொடங்கினார். அவருடைய முதல் சாளைக் கறியில் குடம்புளி மிகுந்து, மாமியார் உட்பட எவரும் இரண்டாம் முறை ஊற்றிக்கொள்ளவில்லை. இப்பொழுது பிள்ளைகள் அப்பாவின் கறியையே கேட்கிறார்கள். எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

குடும்பச் செபத்திற்கு ஒரு நிலையான நேரம் எங்களுக்கு வாய்க்கவில்லை. மாலைப் பணி வாரத்தில் மகள் செபமாலையை முன்னின்று நடத்துகிறாள். மன்றாட்டுமாலையைப் பாட்டி சொல்கிறார்கள். நான் கடைசிப் பேருந்தில் விரல்களை எண்ணிச் சொல்கிறேன். இரண்டாம் பத்துமணியில் உறங்கிவிடும் நாள்களும் உண்டு.

மறைக்கல்வி வகுப்பில் ஒருநாள் அருட்சகோதரி பெற்றோரின் தொழிலைக் கேட்க, என் மகன் எழுந்து, "எங்க அம்மா சிஸ்டர்" என்றானாம். வகுப்பே சிரித்திருக்கிறது. அருட்சகோதரியும் சிரித்துவிட்டு, "அப்படியானால் நாங்கள் இருவரும் ஒரே பெயர்க்காரர்கள்" என்றாராம். அன்று முதல் அவன் அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறான்.

மகளுக்கு வரும் மாதம் புதுநன்மை. பணிப் பட்டியல் வந்தபோது, அந்த ஞாயிற்றுக்கு முந்திய இரவில் என் பெயர் இருந்தது. ஒரு வார்த்தை கேட்குமுன்பே உடன் பணியாற்றும் இந்துத் தோழி தம் பெயரை எழுதி என் பெயரை அடித்துவிட்டார். கிறிஸ்துமஸ் இரவில் அவரும் ஓர் இசுலாமியத் தோழியும் என் பணியை ஏற்பதும், ரமலானிலும் தீபாவளியிலும் நான் அவர்கள் பணியை ஏற்பதும் எங்களுக்குள் வழக்கம். வரும் தீபாவளி இரவுக்கு இப்பொழுதே என் பெயரைப் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறோம். அன்றைக்குச் சமையல் அப்பாவுடையது என்று பிள்ளைகள் தீர்மானித்துவிட்டார்கள்.