பேரேட்டை எங்கே வைப்பது?

எந்த அட்டவணையில் என்னென்ன பத்திகள், யாருக்கு என்ன அனுமதி என்று டேட்டாபேஸ் சர்வர் தனக்காகவே சில குறிப்புகள் வைத்துக்கொள்ளும். அவற்றை எங்கே வைப்பது? சின்னக் கேள்விதான், ஆனால் மைஎஸ்க்யூஎல்லைப் பல வருடம் படுத்தியது.

அதில் ஒவ்வொரு அட்டவணைக்கும் ஓர் எஃப்ஆர்எம் கோப்பு இருந்தது. உள்ளே இருந்த இன்னோடிபி எஞ்சினோ தன் பங்குக்குத் தனிக் குறிப்பு வைத்திருந்தது. ஒரே கடைக்கு இரண்டு பேரேடு! அட்டவணையை அழிக்கும்போது பாதியில் கரண்ட் போனால், ஒன்றில் பெயர் இருக்கும், மற்றதில் இருக்காது. பிறகு அதே பெயரில் புது அட்டவணை போடப் போனாலும் தகராறுதான்.

போஸ்ட்கிரஸ் தன் குறிப்புகளையும் சாதாரண அட்டவணைகளாகவே வைத்திருப்பதால், அட்டவணை உருவாக்கியதைக்கூட ரத்து செய்ய முடியும்.

2018-ல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0 எஃப்ஆர்எம்மைக் கைவிட்டு, எல்லாவற்றையும் இன்னோடிபிக்குள்ளேயே ஒரே கோப்பில் வைத்தது. இனி அழித்தால் முழுதாக அழியும், இல்லையென்றால் அப்படியே இருக்கும்.

சரி, அந்த ஒரு கோப்பே கெட்டுப்போனால்? சர்வர் எழுந்திருப்பதே சந்தேகம். அதற்காகத்தான் ஒவ்வொரு இன்னோடிபி அட்டவணையின் கோப்பிலும் அதன் அமைப்புக்கு ஒரு நகல் சேர்த்தார்கள்.

நகல் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். பேரேடு ஒன்றுதான் இருக்க வேண்டும்!