புது பைக்கா, பழைய சிலிண்டரா?

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும்: இருக்கிறதைப் போர் பண்ணி ஓடுறதா, லீசிங்கில் புதுசு எடுக்கிறதா? எங்கள் வீட்டுக்கு அது போன வருசம் வந்தது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில் திரும்பவும் திறக்கப்பட, அம்மா உட்பட எல்லாரும் புது விலைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

எங்களிடம் இருப்பது ஹொண்டா எம்டி 90. ஜப்பானில் தபால்காரர் ஓடுவதற்கென்று செய்த சிவப்பு வண்டி. அங்கே ஓடி முடிந்தவை இங்கே வந்து இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கின. அப்பா அதை 2003இல் வாங்கினார், ஏ9 பாதை திறந்திருந்த காலம். புத்தூரிலிருந்து வெங்காயமும் பீற்றூட்டும் கட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போனது, என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கியது, அப்பாச்சியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது எல்லாம் அதுதான். இப்ப அதன் சைலன்சரால் நீலப் புகை வருகிறது. மூட்டை ஏற்றினால் இழுக்காது. கிக்கரை மிதித்தால் காலுக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை.

நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். ஆனால் அதற்கு ஒரே காரணம் சிலிண்டர் தேய்வு இல்லை. வால்வுப் பக்கத்தாலும் ஒயில் இறங்கலாம். கராச் அண்ணை ஒரு எளிய சோதனை செய்தார். முதலில் கொம்பிரஷனை அளந்தார். பிறகு பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டுத் திரும்ப அளந்தார். ஒயில் விட்ட பிறகு அழுத்தம் கூடினால் பிஸ்டன் றிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கு. கூடாவிட்டால் வால்வைப் பார்க்கவேணும். எங்களுக்குக் கூடியது.

"தம்பி, இது சாகேல்ல. ஒருக்காப் போர் பண்ணினால் இன்னும் கனகாலம் ஓடும்," என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "எத்தினை நாளைக்குத்தான் உந்தச் சாமானை வெட்டி ஒட்டி வச்சிருக்கப் போறியள்?"

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. புது ஸ்கூட்டர் என்றால் பட்டனை அமத்தினால் ஸ்டார்ட். பிரேக் நல்லது, வெளிச்சம் நல்லது. எல்லாவற்றையும்விட, தங்கச்சி இந்த வருசம் கம்பஸ் போகத் தொடங்கியிருந்தாள். பஸ்ஸில் அவள் படுகிற பாட்டை அம்மா தினமும் பார்க்கிறா. பெண்பிள்ளை கையில் ஒரு வாகனம் இருந்தால் அவளின் நாள் எவ்வளவு நீளும் என்பதை நாங்கள் யோசிப்பது குறைவு. பழையதைப் பேணுவது பற்றி உருகி எழுதுகிற எங்களில் பலர், அந்தப் பழையதை வீட்டில் யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்பதில்லை.

லீசிங்கின் கணக்கு வேறு. தவணை முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர்தான் இருக்கும். நாங்கள் பாவிக்கிற ஆக்கள் மட்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் மூன்று தவணை தவறவிட்டான். தொழில் இல்லாத காலம். இரண்டு பேர் வந்து பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். பைக் போனதோடு அவன் தேடிக்கொண்டிருந்த வேலையும் போனது. 2009க்குப் பிறகு லீசிங்கும் நுண்கடனும் வடக்கில் எப்படிப் பரவின என்று இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஏற்கெனவே அம்மாவின் காப்பு அடகில் இருக்கிறது. அதற்கு மேல் மாதாமாதம் ஒரு தவணை என்றால், வெங்காயம் விலை விழுகிற ஒரு போகம் போதும் எங்களை விழுத்த.

அப்பா அதிகம் கதைக்கவில்லை. அவரிடம் முதலில் இருந்தது ஒரு ஹொண்டா 50. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட பிறகு, அது மண்ணெண்ணெயில் ஓடியது. துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்ரின் கார்களும் அப்படித்தான் ஓடின. ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. கரி பிடிக்கும், ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கும், சிலிண்டர் கெதியாகத் தேயும். அந்தக் காலத்தில் போர் பண்ணுவது ஒரு தெரிவே இல்லை, வேறு வழி கிடையாது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது, அப்பா அந்த வண்டியில் மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டுதான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொல்வதில்லை. "அப்ப கிடைச்சிருந்தால் நாங்களும் புதுசுதான் வாங்கியிருப்பம்," என்று மட்டும் சொன்னார். அது எனக்கு முக்கியமாகப் பட்டது. எங்கள் ஆக்களின் திருத்தும் கெட்டித்தனத்தை நாங்கள் கொண்டாடுகிறோம். அதன் பாதி, தடை திணித்த கெட்டித்தனம்.

கடைசியில் நாங்கள் போர் பண்ணத்தான் முடிவெடுத்தோம். எல்லாச் செலவும் சேர்ந்து புதுசின் மூன்று மாதத் தவணைக்குள் அடங்கியது.

வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எம்டி 90இன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீற்றர், கொள்ளளவு 89.5 சீசீ. தேய்ந்த சிலிண்டரின் வாய் வட்டமாக இருக்காது, கொஞ்சம் நீள்வட்டமாகியிருக்கும். அதைத் திரும்ப வட்டமாக்க உட்சுவரைக் கொஞ்சம் வெட்டி எடுக்கவேணும். வெட்டினால் ஓட்டை பெருக்கும், அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடவேணும். அந்தப் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று படிப்படியாக வரும். ஆகவே ஒரு சிலிண்டருக்கு நாலு தரம்தான். அதற்குப் பிறகு உள்ளே புது ஸ்லீவ் அடிக்கவேணும். எங்களுடையது இதுவரை வெட்டுப்படாதது. 0.25 தேய்வை எடுக்கப் போதாமல் 0.50க்குப் போனோம்.

லேத் ஐயா முதலில் பிஸ்டனைக் கேட்டார். பிஸ்டனைக் கையில் வைத்து அளந்த பிறகுதான் சிலிண்டரை வெட்டுவாராம். இரண்டுக்கும் இடையில் விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான். இறுக்கமாகப் போனால் சூட்டில் பிடிக்கும், தளர்ந்தால் திரும்பப் புகை. வெட்டின பிறகு ஹோனிங். சிலிண்டர்ச் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுவது. அந்தக் கீறல்களில்தான் ஒயில் தங்கும். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருப்பதுதான் நல்லது என்று நான் நினைப்பேன் என அவருக்குத் தெரிந்திருக்கவேணும், கேட்காமலே விளக்கினார்.

சட்டத்தில் ஒரு விசயம். எஞ்சின் இலக்கம் அடிப்பெட்டியில் இருக்கிறது, சிலிண்டரில் இல்லை. ஆகவே போர் பண்ணினால் பதிவுப் புத்தகத்தில் ஒன்றும் மாறாது. முழு எஞ்சினையும் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதியவேணும். செக்கன் ஹாண்ட் வாங்குகிற தம்பி தங்கச்சிமார் இதைக் கட்டாயம் பாருங்கோ.

எல்லாருக்கும் இதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. பிரேமில் வெடிப்பு, கிராங்கில் சத்தம், கியரில் பிரச்சினை என்று எல்லாம் சேர்ந்து வந்தால் சிலிண்டருக்குச் செலவழிப்பது வீண். ஒவ்வொரு நாளும் தூரம் ஓடவேண்டியவருக்கு நல்ல பிரேக் ஆடம்பரம் இல்லை, உயிர். கையில் காசு இருந்தால் புதுசு வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் 2022இல் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று வந்தபோது, அந்த நாலு லீற்றரில் கிழமை முழுக்க ஓடி எங்களைக் காப்பாற்றியது இந்தப் பழசுதான் என்பதையும் கணக்கில் சேர்க்கவேணும்.

தங்கச்சியின் விசயம்தான் மிச்சம் இருந்தது. எம்டிக்குக் கிளச் பிடிக்கத் தேவையில்லை, காலால் கியரை மாற்றினால் போதும். அவள் பழகத் தொடங்கிவிட்டாள். போர் பண்ணின எஞ்சினை முதல் 500 கிலோமீற்றர் முறுக்கக்கூடாது, பாரம் ஏற்றக்கூடாது, ஒயிலையும் வேளைக்கு மாற்றவேணும். பழகுகிற ஆளுக்கு அது நல்ல பொருத்தம். இப்போதைக்கு காலையில் வண்டி அவளுக்கு, பின்னேரம் அப்பாவுக்கு. நான் பஸ்ஸில் போகிறேன். சேர்கிற காசில் முதல் வேலை அம்மாவின் காப்பை மீட்பது. அதற்குப் பிறகு ஸ்கூட்டரைப் பற்றித் திரும்பக் கதைப்போம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம். அவ அதை மறக்கமாட்டா.