இடைவேளைக்குப் பிறகுதான் வாழ்க்கை

நான் விமர்சகன் இல்லை. படம் பிடித்தால் கண் கலங்கவும், பிடிக்காவிட்டால் கண் அயரவும் தெரிந்த சாதாரண ரசிகன். மணலைக் குவித்து உட்கார்ந்த டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்து, பேரப்பிள்ளைகள் வீட்டு டிவியில் ஓடிடி போட்டுக் காட்டுகிற இந்தக் காலம் வரை பார்த்துக்கொண்டே வருகிறேன். நெடுங்காலம் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. காதலர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்று சொல்லும் படங்கள் ஏராளம். அவை பொழுதைக் கழிக்க உதவும். சேர முடியாமல் போனபோதும், சேர்ந்த பின்பும் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று சொல்லும் படங்கள் சிலவே. அவை பிழைக்க உதவும். பிள்ளைகளே, அப்படிச் சிலவற்றைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் '96'. 2018-இல் பிரேம்குமார் இயக்கத்தில் வந்தது. தஞ்சாவூர்ப் பள்ளியில் ஒன்றாய்ப் படித்த ராமும் ஜானுவும் பிரிந்து, ஆண்டுகள் பல கழித்துச் சென்னையில் பழைய மாணவர் கூடுகையில் சந்திக்கிறார்கள். அவளுக்குச் சிங்கப்பூரில் குடும்பம், ஒரு பெண் குழந்தை. அவனுக்குக் கேமராவும் பயணமும். பள்ளிக்காலத்தில் அவன் எத்தனை முறை கேட்டும் அவள் பாடாமல் நழுவிய பாட்டு ஒன்று உண்டு: 'யமுனை ஆற்றிலே'. அன்றிரவு அவன் வீட்டில் கரண்ட் போய்விடுகிறது. இருட்டில் அவள் அதைப் பாடத் தொடங்குகிறாள். அவனோ பாடும் முகத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று விளக்கைத் தேடித் தடுமாறுகிறான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தப் படத்தை இரண்டாம் முறையும் பார்த்தேன்.

அவளோடு தனியாக இரவைக் கழித்தும், அடுத்தவர் வாழ்வின் எல்லையை மிதிக்காமல் நின்றானே, அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தலைவணங்குகிறேன். விரும்பாத பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்துவதைக் காதல் என்று நம் சினிமா வெகுகாலம் காட்டிவந்தது. அந்தப் பழக்கத்துக்கு ராம் ஒரு நல்ல மறுமொழி. ஆனால் அவனுடைய இன்னொரு பாதியை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கிடைக்காததைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, அதன் காவலாளியாகவே ஆயுளைக் கழிப்பது திரையில் அழகு. வீட்டில் அது வீண். 1962-இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' டாக்டருக்கும் இதே இழப்புதான். தான் நேசித்த பெண்ணின் கணவனே நோயாளியாக வந்து படுக்கிறான். டாக்டர் தன் துயரத்தை வேலையாக மாற்றுகிறார். அந்த உயிரைக் காப்பாற்ற இரவு பகல் பாராமல் உழைக்கிறார். கடைசியில் அவரையே சாகடித்தது அந்தக் காலத்துச் சினிமா. அதை விட்டுவிடுங்கள், துயரத்தை வேலையாக்கிய வித்தையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இழப்பைத் தாங்குவது பாதிப் பொறுமை. இழந்த பிறகும் நாலு பேருக்குப் பயன்படுவது மீதிப் பாதி.

சேர்ந்தவர்கள் கதைக்கு வருவோம். மணிரத்னத்தின் 'மௌன ராகம்' 1986-இல் வந்தது. சென்ற மாதம் பேத்தியோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். மனமில்லாமல் கழுத்தை நீட்டிய திவ்யா, கணவனோடு டெல்லிக்குப் போகிறாள். உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று அவன் கேட்க, விவாகரத்து என்கிறாள். திருமணமாகி ஓராண்டாவது ஆக வேண்டும் என்று சட்டம் தடுக்கிறது. ஆக, ஒரே கூரையின் கீழ் இரண்டு அந்நியர்கள்.

"அந்த ஒரு வருஷத்துல அவ மனசு மாறலைன்னா என்ன தாத்தா ஆகியிருக்கும்?" என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. மாறாமல் போயிருந்தாலும் அந்தக் கணவன் தோற்றவன் ஆகமாட்டான் என்றேன். ஏனென்றால் அவன் அவளை வற்புறுத்தவில்லை, அவமதிக்கவில்லை, நாலு பேரிடம் அவளைப் பற்றிப் புலம்பவும் இல்லை. காத்திருக்க எவராலும் முடியும். காத்திருக்கும் நாளில் கண்ணியம் குறையாமல் இருக்கச் சிலரால்தான் முடியும்.

2023-இல் விநாயக் சந்திரசேகரன் இயக்கிய 'குட் நைட்' இன்னும் சிறிய விஷயத்தை எடுத்துக்கொண்டது. மணிகண்டன் நடித்த மோகனுக்குக் குறட்டை. அதுவும் ஊரைக் கூட்டும் குறட்டை. கல்யாணத்துக்குப் பின் மனைவியின் தூக்கம் கெடுகிறது. அவள் வாய் திறந்து குறை சொல்வதில்லை. அவனுக்கோ குற்ற உணர்ச்சி நெஞ்சை அரிக்கிறது. சிரிக்கவேண்டிய சங்கதி, மெல்ல மெல்ல இருவருக்கும் நடுவே சுவராகிறது. பெரிய புயலில் குடும்பங்கள் சேர்ந்தே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றாடச் சின்னத் தொல்லைகளில்தான் பிளவு விழுகிறது.

இந்தப் படம் பார்த்தபோது எங்கள் தெருவில் இருந்த ஒரு மில் தொழிலாளி குடும்பம் நினைவுக்கு வந்தது. அவருக்கு அடிக்கடி நைட் ஷிப்ட். ஒற்றை அறை வீடு. அவர் பகலில் தூங்க வேண்டுமென்று, அந்த அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிள்ளையார் கோயில் மண்டபத்துக்குப் போய்விடுவார். அங்கேயே அரிசியில் கல் பொறுக்குவார், அங்கேயே பிள்ளைகளுக்குத் தலை சீவுவார். கணவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்ததும், கண் செருகும் நிலையிலும், தெருக்குழாயில் அன்றைய தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டுத்தான் பாயை விரிப்பார். அவர்கள் ஒருவரையொருவர் பாராட்டி நான் கேட்டதில்லை. ஆனால் ஒருவருடைய அசதி மற்றவருக்குத் தெரிந்திருந்தது. சகிப்பு ஒரே தோளில் ஏறினால் அது பாரம். இரண்டு தோள் மாறி மாறிச் சுமந்தால் அதற்குப் பெயர் குடித்தனம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: அடியையும் இழிசொல்லையும் தாங்குவது இந்தக் கணக்கில் வராது. அங்கே பொறுமை காட்டச் சொல்பவர் எவராயினும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

2025-இல் வந்த 'குடும்பஸ்தன்' கோயம்புத்தூரில் நடக்கிறது. மற்ற படங்கள் முடியும் இடமான பதிவுத் திருமணத்தில்தான் இதன் கதை தொடங்குகிறது. நாயகன் நவீனுக்கு வேலை போகிறது. வீட்டில் சொல்லாமல் மறைக்கிறான். மறைப்பதற்காகக் கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். தியேட்டரே சிரித்தது, எனக்குச் சிரிப்போடு பயமும் வந்தது. சம்பளம் நின்றதைச் சொல்லக் கூசுகிறவன், வட்டி ஏறியதைச் சொல்ல எப்படித் துணிவான்? வறுமையைச் சேர்ந்து தாங்கிய தம்பதிகள் கோடி. பொய்யைச் சேர்ந்து தாங்கியவர்களை நான் கண்டதில்லை. மணக்கப் போகும் பிள்ளைகளுக்கு என் புத்திமதி இதுதான்: வரவையும் கடனையும் முதல் மாதமே ஒரே நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக 'மெய்யழகன்'. 2024-இல் அதே பிரேம்குமார் எடுத்தது. இதில் ஆண் பெண் காதல் இல்லை. உறவின் காதல் இருக்கிறது. சொத்துத் தகராறில் வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அருள், தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலத்துக்கு வருகிறான். கார்த்தி நடித்த ஒருவர் அன்பால் அவனைத் திணறடிக்கிறார். அவர் பெயர் மட்டும் அருளுக்கு நினைவில் இல்லை, கேட்கவும் வெட்கம். அவன் விட்டுப்போன பழைய சைக்கிளே அவருடைய குடும்பம் தலையெடுக்க உதவியது என்று பிறகு தெரிகிறது. கொடுத்தவன் மறந்துவிட்டான், பெற்றவர் மறக்கவில்லை. உலகம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடப்பதால்தான் இந்தக் கதை நம்மை அழவைக்கிறது. சொந்தக்காரர்களால் காயப்பட்டவர்கள் நம்மில் பலர். காயம் கொடுத்தவர் நாலு பேர் என்பதற்காக, காத்திருக்கும் ஐந்தாமவரையும் சேர்த்து வெறுத்துவிடக் கூடாது.

பிள்ளைகளே, துணையைத் தேடும் காலம் உங்களுக்கு வரும். முகம் பாருங்கள், பேச்சுப் பாருங்கள், தப்பில்லை. அவற்றோடு வேறு சிலவும் பாருங்கள். கேட்டது கிடைக்காதபோது அவர் எப்படி நடந்துகொள்கிறார்? உடம்பு அசந்த வேளையில் வீட்டாரிடம் எந்தக் குரலில் பேசுகிறார்? பணம் குறைந்தால் உண்மையும் குறைகிறதா? உதவி செய்தவரின் பெயர் அவர் நினைவில் இருக்கிறதா? இந்தக் கேள்விகளை முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அவரைப் பற்றிக் கேளுங்கள். ஆசையில் ஆரம்பிப்பது எல்லோருக்கும் கைவரும். அதைப் பொறுமையில் வளர்த்தவர்களுக்குத்தான் அது ஆயுள் முழுக்க நிலைக்கிறது.