ஓட்டைகளின் பதிவேடு

பூட்டு ஒன்று வாங்கினால் அதற்குத் திறப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தே வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். கைப்பேசி விஷயத்தில் மட்டும் அந்த வழக்கம் நமக்கு இல்லை. வங்கிக் கணக்கும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் குரலும் படமும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அதன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

தெமோதரையில் எங்களுக்கு அடுத்த லயத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் குவைத்தில் வேலை செய்கிறாள். விடுமுறையில் வந்தபோது தன் பழைய கைப்பேசியைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வங்கியின் செயலியும் அதிலே உண்டு. பொதி வந்திருக்கிறது, பணம் கட்டுக என்று தோட்டத்தில் சிலருக்குப் பொய்க் குறுஞ்செய்திகள் வந்ததைக் கேள்விப்பட்டு, அவர் என்னிடம் வந்தார். “தம்பி, இந்தப் போனுக்குள்ள கள்ளன் பூந்துருவானான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

ஊகித்துச் சொல்லக்கூடிய காரியமன்று அது. நல்ல வேளையாக, இத்தகைய கேள்விகளுக்கென்றே இணையத்தில் பொதுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. ‘சி.வி.ஈ.’ என்பது அதன் சுருக்கப் பெயர். அமெரிக்காவிலுள்ள மைட்டர் என்னும் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் அதைத் தொடங்கியது. அதற்கு முன்னர் ஒரே ஓட்டையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரால் அழைத்து வந்தமையால், இருவர் பேசுவது ஒன்றைப் பற்றியா, இரண்டைப் பற்றியா என்பதே விளங்காதிருந்தது. நமது மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் சுரங்கங்களுக்கு இலக்கமிட்டிருப்பதுபோல, மென்பொருள்களில் காணப்படும் ஓட்டைகளுக்கு ஆண்டும் இலக்கமும் இட்டு அதில் பதிகிறார்கள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் உண்டு. பார்க்கக் கட்டணமில்லை. கள்வனுக்கும் அது திறந்த ஏடுதானே என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான், ஆயினும் கள்வன் அறிந்ததை வீட்டுக்காரன் அறியாதிருப்பதில் என்ன பாதுகாப்பு?

ஏட்டைத் தேடிப் போகும் வழியிலும் கவனம் வேண்டும். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, ‘எல்.கே.’ என்று முடியும் நம் நாட்டு இணைய முகவரிகள் சிலவற்றை யாரோ திசைதிருப்பி விட்டார்கள். கூகிளின் இலங்கை முகவரியைத் தேடியவர்கள் வேறொரு பக்கத்தில் போய் நின்றார்கள். அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்த குறைகளில் தேயிலைத் தொழிலைப் பற்றியதும் ஒன்று. நம்மைக் கேட்காமலே நமக்காக வாதாடிய அந்த வழக்கறிஞர்களை என்ன சொல்வது! ஆதலால் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பின்னரே நான் பதிவேட்டினுள் நுழைந்தேன்.

அண்ட்ராய்ட் கைப்பேசிகளில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குப் போனால், பாதுகாப்புத் திருத்தத்தின் திகதி தெரியும். அந்த அம்மாளின் கைப்பேசியில் 2019 ஆகஸ்ட் என்று இருந்தது. கூகிள் நிறுவனம் 2015 ஆகஸ்டிலிருந்து மாதந்தோறும் வெளியிடும் அறிக்கைகளில், அவ்வம்மாதம் அடைக்கப்பட்ட ஓட்டைகள் இலக்கத்துடன் குறிக்கப்படுகின்றன. 2019 ஆகஸ்டுக்குப் பின் வந்தவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒக்டோபர் மாதத்திலேயே ஒன்று அகப்பட்டது: 2019-2215. பொல்லாத செயலி ஒன்று உள்ளே வந்துவிட்டால் கைப்பேசி முழுவதையும் வசப்படுத்திக்கொள்ள இடந்தரும் ஓட்டை அது. அதனைக் கள்வர்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வந்தமையும் அப்போதே வெளிப்பட்டது. எல்லாக் கைப்பேசிகளிலும் அது இருந்ததில்லை. ஆனால் இக்கைப்பேசிக்கு அதன்பின் எந்தத் திருத்தமும் வரவில்லை. அதற்குப் பிந்திய மாதங்களின் பட்டியல்களோ நீண்டுகொண்டே போயின.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். படிக்கும் பிள்ளைகள் இதனைத் தமிழில் எடுத்துச் சொன்னால் எத்தனையோ லயங்களுக்கு உதவியாகும். அந்தப் பதிவேட்டுக்கும் சம்பளக் கவலை உண்டென்பது வேடிக்கை: 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசின் ஒப்பந்தம் முடியவிருந்து, கடைசி நேரத்திலேதான் நீடிக்கப்பட்டது.

மறுநாள் அம்மாளிடம் உள்ளதைச் சொன்னேன். பேசலாம், படம் பார்க்கலாம். வங்கியை மட்டும் இதில் வைக்க வேண்டாம் என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

“பேங்குக்குப் பதுளைக்குப் போனா ஒரு நாள் பேர் போயிருமே, தம்பி.”

அதற்குப் பதிவேட்டில் விடையில்லை, என்னிடமும் இல்லை. சிறிது யோசித்துவிட்டு, “சரி, அழிச்சிருங்க. மக அடுத்த லீவுக்கு வரட்டும், பாத்துக்குவோம்” என்று கைப்பேசியை நீட்டினார். வங்கிப் புத்தகத்தைத் தகரப் பெட்டியிலிருந்து அன்றே எடுத்து வைத்துக்கொண்டார்.